கல்லோடு வந்தவை: வீட்டுக் கடல் தொட்டியில் ஊர்வது, முளைப்பது, ராத்திரி சத்தம் போடுவது பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் பக்கம் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படங்களும் கூடிவிட்டன. படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான்: "அண்ணாச்சி, இது என்னது? கொன்னுரவா?" அநேகமாக வேண்டாம் என்பதே பதில். எதைக் கொல்ல வேண்டும், எதை விட வேண்டும், எதைக் கையால் தொடவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நான் வாங்கியது கல்லும் நாலு பாலிப்பும்தான். இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது?

கல்லுக்குள்ளேயிருந்துதான். லைவ் ராக் என்று விற்பது பழைய பவளச் சுண்ணாம்புக் கல். உள்ளே முழுக்கப் பொந்தும் புழையும். ஈரத்தாளில் சுற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்தாலும், பொந்தில் ஈரம் இருக்கிறவரை புழு, நண்டு, சிப்பி, கடற்பஞ்சு எல்லாம் தாக்குப்பிடிக்கும். பாலிப் என்று விற்பது கல்லில் ஒட்டிப் பூப்போல விரியும் சின்னக் கடல் உயிர். அதில் வெட்டி விற்கும் துண்டுதான் ஃப்ராக். அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டை, நத்தை ஓடு, சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) போடும் கீட்டோ பாசி, இவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்த கல்லில் தொட்டி தொடங்கினவர்களுக்கும் முதல் ஃப்ராக்கோடு ஏதாவது வந்து சேரும்.

"ஆறு மாசமா ஒண்ணும் இல்லையே, இப்ப எப்படி?" என்பார்கள். முட்டையாகவோ மி.மீ. அளவுக் குஞ்சாகவோ வந்திருக்கும். நீங்கள் போட்ட தீனியில் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிப் பார்த்தால் என்னவென்று தெரியும்?

ராத்திரி பாருங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு போங்கள். இந்த உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, ஓடி ஒளியாது. வெள்ளை டார்ச் அடித்தால் வால் நுனி உள்ளே போவதை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

படம் எடுப்பதானால் பம்ப்பை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, நீல விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில் எடுங்கள். நீலத்தில் சாதாரணப் பழுப்புப் பூ கூடப் பச்சையாக ஜொலிக்கும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் உடம்பு: வளையம் வளையமாக இருக்கிறதா, ஓடு உண்டா, கால் உண்டா, கல்லோடு ஒட்டியதா. அப்புறம் இடம்: வெளிச்சத்திலா, கல்லுக்கு அடியிலா, ஒரு பாலிப் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா. அப்புறம் சேதம்: பக்கத்தில் எது சுருங்கியது, எது காணாமல் போனது. சேதமே இல்லை என்றால் அவசரமும் இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கல் எந்தக் கடலிலிருந்து வந்தது? இணையத்தில் கிடைக்கும் அடையாளப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்கர்கள் போட்டவை. புளோரிடா, கரீபியன் கல்லில் வருபவற்றின் பெயர்களை அவர்கள் எழுதியிருப்பார்கள். நமக்கு வருவது இந்தோனேசியா பக்கத்துச் சரக்கு. பெயரைப் பொருத்திப் பார்க்கும்போது பாதிப் பயம் இங்கேயே கழன்றுவிடும். அடுத்த கேள்வியே அதற்கு உதாரணம்.

பூரான் மாதிரி ஒன்று கல்லுக்குள் ஓடுகிறது, ரெண்டு பக்கமும் வெள்ளை முடி. மீனைக் கடிக்குமா?

அது பிரிசில் புழு. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் அநியாயமாகச் சாவதும் இதுதான். இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு உடம்பு, வளையத்துக்கு வளையம் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுணைக் கற்றை, ஒரு விரல் நீளம் முதல் ஒரு சாண் வரை. மிச்சத் தீனி, செத்த மீன், கழிவு இவைதான் அதன் சாப்பாடு. நம் கையோ சல்லடையோ போகாத பொந்துக்குள் போய்ச் சுத்தம் செய்யும் ஆள் வேறு யாரும் தொட்டியில் இல்லை.

காலையில் செத்த மீனை நாலு புழு மொய்த்திருந்தால் புழுதான் கொன்றது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மீன் செத்தபின் வந்தவை அவை. கூட்டம் பெருகிப்போனால் நீங்கள் தீனி கூடப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தீனியைக் குறையுங்கள், சில வாரத்தில் கூட்டமும் குறையும். அப்படியும் கண்ணுக்கு உறுத்தினால் ஆறுவரி ராஸ் மீன் ஒன்று விடலாம், சின்னப் புழுக்களைத் தின்னும். ஆனால் அந்த மீன் மற்ற சாதுவான மீன்களையும் விரட்டும், யோசித்து விடுங்கள்.

பவளத்தைத் தின்னும் தீப்புழு என்று இணையம் பயமுறுத்துகிறதே என்றால், அந்தப் படத்தில் இருப்பது ஹெர்மோடைஸ் கருங்குலாட்டா. அது அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் இருப்பது. சுணைக்கு அடியில் சிவப்புச் செவுள் கொத்துக்கொத்தாக இருக்கும். நம் கல்லில் வர வாய்ப்பு குறைவு.

கையில் சுணை ஏறிவிட்டது. என்ன செய்ய?

தேய்க்காதீர்கள். இந்தச் சுணை சுண்ணாம்புச் சத்தால் ஆனது, எளிதில் ஒடியும். தேய்த்தால் உள்ளே போகும். செலோ டேப்பை ஒட்டி இழுங்கள், இரண்டு மூன்று தடவை. பிறகு வினிகரில் நனைத்த பஞ்சை வையுங்கள். எரிச்சலும் அரிப்பும் கொஞ்ச நேரமோ ஒன்றிரண்டு நாளோ இருக்கும். வீக்கம் ஏறினால், மூச்சு இழுத்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். இனிமேல் கையுறை இல்லாமல் கல்லைத் தூக்காதீர்கள்.

அப்போ பயப்பட வேண்டிய புழுவே கிடையாதா?

உண்டு. யூனிசிட் புழுக்கள். தலையில் ஐந்து உணர்கொம்பு இருக்கிறதா என்று எண்ணுங்கள். உடம்பில் வெளிச்சம் பட்டால் வானவில் மினுமினுப்பு இருக்கும், வெளியே நிற்கும் வெள்ளைச் சுணை இருக்காது. பொந்தை விட்டு முழுசாக வெளியே வராது, முன்பாதியை மட்டும் நீட்டித் துழாவும். இந்தக் குடும்பத்தில் பலவும் பாசி, கழிவு தின்று பிழைப்பவைதான். பெரிசாகி மீனைப் பிடிப்பது பாபிட் புழு. ஜப்பானில் ஒரு மிதவைக்குள் வளர்ந்திருந்த பாபிட் புழு 299 செ.மீ. நீளம் இருந்தது. 2009இல் இங்கிலாந்தின் நியூக்கீ ஊர்க் காட்சியகத்தில் பவளங்கள் துண்டு துண்டாவது ஏன் என்று தெரியாமல் தொட்டியைக் கலைத்துப் பார்த்தபோது நாலடி நீளப் புழு ஒன்று கிடைத்தது.

கையால் பிடித்து இழுக்கக் கூடாது. அறுந்து பாதி உள்ளேயே நிற்கும். எந்தக் கல் என்று உறுதி செய்து அந்தக் கல்லையே வெளியே எடுங்கள்.

பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பூ முளைத்திருக்கிறது, அழகாக இருக்கிறதே, விடலாமா?

விடக் கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் தயங்காமல் கொல்லச் சொல்வது இந்த ஒன்றைத்தான். ஐப்டேசியா என்று பெயர், கடல் சாமந்தி வகை. மெல்லிய தண்டு, மேலே ஊடு தெரிகிற பழுப்பு இழைகள், இழை நுனி கூராக இருக்கும். நிழல் பட்டாலே பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும். இழையெல்லாம் குட்டையாக, நுனி மட்டும் உருண்டு, பச்சை கலந்திருந்தால் அது மஜானோ. அதுவும் வேண்டாதது, ஆனால் கொஞ்சம் மெதுவாகப் பரவும்.

ஐப்டேசியா பக்கத்துப் பாலிப்பைக் கொட்டும், இடத்தைப் பிடிக்கும். கத்தியால் சுரண்டினால் கதை முடிந்தது. உதிர்ந்த ஒவ்வொரு துணுக்கும் ஒரு பூவாகும். நாம் சுரண்டாவிட்டாலும் நகரும்போது அடிப்பாதத்திலிருந்து துணுக்குகளை விட்டுவிட்டுத்தான் போகும்.

செய்ய வேண்டியது: கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, பம்ப் எல்லாம் நிறுத்திவிட்டு, பூ சுருங்கும் முன் வாய்மேல் மெதுவாக இறக்கி மூடுவது. இருபது நிமிஷம் கழித்துப் பம்ப் போடலாம். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் சுண்ணாம்புதான். பெட்டிக்கடையில் வெற்றிலைக்குக் கிடைக்கும் வாசனை, சாயம் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பிலும் இதே சரக்குதான் இருக்கிறது. என்றாலும் தொட்டிக்கு என்று விற்கும் தூளையே வாங்குங்கள், பெட்டிக்கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. தண்ணீரின் பிஹெச் சட்டென்று ஏறும், அதனால் சின்னத் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பூவுக்கு மேல் வேண்டாம். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணையே கெடுக்கும்.

நிறைய ஆகிவிட்டால் தின்கிற ஆளை விட வேண்டும். பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதுவும் தின்னாது. நம் ஊரில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். மிளகுக்கீரை இறால், அதாவது பெப்பர்மின்ட் இறால், தின்னும். ஆனால் கடையில் அந்தப் பேரைச் சொல்லி ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுகிறார்கள். முதுகு கூன் போட்டு, சிவப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளியும் கோடுமாகப் பளிச்சென்று இருந்தால் அது ஒட்டக இறால். ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் சோவாந்திடை, அதாவது கூட்டமாக விரியும் பாலிப் வகையை, தின்னும். பெப்பர்மின்ட் இறால் வெளிறி, ஊடு தெரிகிற உடம்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியிருக்கும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனும் தின்னும், ஆனால் அந்த மீனைத் தீனிக்குப் பழக்குவதே பெரும்பாடு. ஐப்டேசியாவுக்காக மட்டும் அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ராத்திரி தொட்டிக்குள் 'டிக் டிக்' என்று சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதோ?

கண்ணாடி இல்லை. இரண்டு ஆள்மேல் சந்தேகப்படலாம். ஒன்று பிஸ்டல் இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெரிசு. அதை மூடும் வேகத்தில் தண்ணீரில் குமிழ் உண்டாகி உடைவதுதான் அந்தச் சத்தம். மணலைத் தோண்டிக்கொண்டு, கோபி மீனோடு கூட்டு வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். விட்டுவிடுங்கள்.

மற்றது மாண்டிஸ் இறால். காம்பின் மேல் இருக்கும் இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும், முன்கைகள் கும்பிடுபூச்சிபோல மடங்கியிருக்கும். தூத்துக்குடி இழுவைமடியில் கழிவு மீனோடு குவிந்து வருகிற அதே சாதிதான், நமக்கு வருவது கல்லில் வாழும் வகை. ஈட்டியால் குத்துபவை, குண்டாந்தடியால் அடிப்பவை என்று இரண்டு விதம். கல்லில் வருவது அநேகமாக அடிக்கிற விதம். மயில் மாண்டிஸ் இறாலின் அடி விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. நத்தை ஓடு உடைந்து கிடந்தால், நண்டு ஒவ்வொன்றாகக் குறைந்தால் இதுதான். கல்லில் வரும் இரண்டு அங்குலக் குஞ்சு கண்ணாடியை உடைக்காது, தூக்கம் கெட வேண்டாம்.

பிடிக்க: எந்தப் பொந்து என்று கண்டுபிடித்து, கல்லை வெளியே எடுத்து, வாளியின் மேல் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் சோடாவை ஊற்றுங்கள். கரியமில வாயு தாங்காமல் வெளியே விழும். வெறும் சோடா. பன்னீர் சோடாவை ஊற்றிவிட்டுப் படம் அனுப்பாதீர்கள். விழுந்ததைக் கையால் எடுக்கக் கூடாது, விரலைக் கிழிக்கும். கொல்ல மனசில்லை என்றால் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் வையுங்கள். சிலர் இதற்காகவே தொட்டி வைக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி.

நண்டு வந்திருக்கிறது. நல்லதா கெட்டதா?

கொடுக்கு நுனியைப் பாருங்கள். நுனி கறுத்து, கூராக, உடம்பில் மயிர் இருந்தால் அது சாந்திட் குடும்பம், வெளிநாட்டுக்காரர்கள் கொரில்லா நண்டு என்பார்கள். வளர வளர நத்தை, பாலிப், தூங்குகிற மீன் எதையும் விடாது. வெளியே எடுங்கள், சோடா வைத்தியம் இதற்கும் சரிப்படும். கொடுக்கு நுனி குழிந்திருந்தால் பாசி சுரண்டித் தின்பதற்கு. அது பரவாயில்லை, பெரிசாகும்வரை கண் வைத்திருங்கள். வாய்க்குப் பக்கம் விசிறி விரித்துத் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தால் பீங்கான் நண்டு, பாவம், அதற்குக் கடிக்கவே தெரியாது. சங்கு சுமந்து திரியும் சின்ன முனிவர் நண்டு இருக்கட்டும், காலி ஓடு நாலைந்து போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நத்தையைக் கொன்று ஓட்டை எடுத்துக்கொள்ளும்.

கல்லில் குழாய் குழாயாக முளைத்திருக்கிறது.

குழாய்க்குள்ளிருந்து விசிறிப் பூ விரிந்து, கை நிழல் பட்டதும் உள்ளே போனால் விசிறிப்புழு. நல்லது. பொட்டு அளவில் வெள்ளைச் சுருள்கள் கண்ணாடியிலும் பம்ப்பிலும் ஒட்டியிருந்தால் ஸ்பைரார்பிட், அதுவும் புழுதான், தொந்தரவில்லை.

குழாய் கெட்டியாக, கோணலாக, மேல்நோக்கி நீட்டிக்கொண்டு, உள்ளே விசிறியே இல்லாமல், தீனி போட்டதும் சிலந்தி நூலாகக் கோழையை வீசினால் அது வெர்மெடிட் நத்தை. அந்த நூல் பக்கத்துப் பாலிப்பில் படும்போதெல்லாம் அது சுருங்கும். குழாயைக் குறடால் ஒடித்து, வாயில் ஜெல் பதத்து ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து அடைத்துவிடுங்கள். விரலைக் கிழிக்கும் கூர்மை, கையுறை போடுங்கள். எல்லாவற்றையும் ஒழிக்க முடியாது. தூள் தீனியைக் குறைத்தால் கட்டுக்குள் இருக்கும்.

குட்டி நட்சத்திர மீன் நூறு இருக்கும் போல, எல்லாமே கோணல்.

ஆஸ்டெரினா. தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு பெருகுவதால்தான் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பெரும்பாலும் பாசிப் படலம்தான் தின்னும். சில வகை சோவாந்திடைத் தின்கிறது. ஒரு பாலிப் மேல் தொடர்ந்து உட்கார்ந்திருந்து, எடுத்துப் பார்த்தால் அடியில் வெளுத்திருந்தால் பொறுக்கி எடுங்கள். ஹார்லிக்வின் இறால் விட்டால் சீக்கிரம் காலியாக்கும், ஆனால் அதற்கு நட்சத்திர மீனைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. தின்று முடித்தபின் அதைப் பட்டினி போடப் போகிறீர்களா என்று முதலில் யோசியுங்கள்.

பாம்பு வால் கைகளை மட்டும் பொந்திலிருந்து நீட்டுகிற சின்ன பிரிட்டில் ஸ்டார் அருமையான துப்புரவாளர். பச்சை நிறத்தில் பெரிசாக வளர்வது மட்டும் ராத்திரி மீன் பிடிக்கும்.

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன.

கோப்பிபாட். மீன் தீனி, இலவசம். கொஞ்சம் பெரிசாக, முதுகு வளைந்து, பக்கவாட்டில் ஒடுங்கியிருந்தால் ஆம்பிபாட், அதுவும் நல்லது. மேலிருந்து அமுக்கின தட்டை உடம்பும் பெரிய கண்ணும் கொண்டு மீனின் உடம்பில் கவ்விக்கொண்டிருந்தால் மட்டும் சிரோலானிட் ஐசோபாட், ரத்தம் உறிஞ்சி. மீனைப் பிடித்து ஈரத்துணியில் வைத்து இடுக்கியால் எடுங்கள்.

துருப்பிடித்த நிறத்தில் தட்டையாகப் பொட்டுப் பொட்டாக, பின்பக்கம் சின்ன வால்...

தட்டைப்புழு. மருந்து ஊற்றி ஒரேயடியாகக் கொல்லாதீர்கள். சாகும்போது இவை விடும் நஞ்சில் மீன் போய்விடும். முதலில் காற்றுக்குழாயால் முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள், நாலைந்து நாள் தொடர்ந்து. கூட்டம் சுருங்கிய பிறகு மருந்து, உடனே தண்ணீர் மாற்றம், புதுக் கரித்தூள்.

நத்தை வகை ஏதும் ஆபத்தா?

முதுகில் எட்டுத் தகடு வரிசையாக இருந்தால் கைட்டன், பாசி தின்னி. உடம்பு பெரிசு, ஓடு சிறிசு, தொட்டால் வால் துண்டை உதிர்த்துவிட்டு ஓடினால் ஸ்டொமட்டெல்லா. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கூம்பு வடிவ ஓட்டில் அழகான கோலம் போட்ட சங்கு மட்டும் வேறு விஷயம். கூம்புச் சங்குகள் ஈட்டிப் பல்லால் நஞ்சு ஏற்றுபவை, சில வகை மனிதனைக் கொன்றிருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலும் பல வகை உண்டு. குச்சியால் தள்ளி டப்பாவில் எடுங்கள், உள்ளங்கையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். உடம்பில் நீல வளையம் மின்னும் குட்டிப் பேய்க்கணவாய் கண்டாலும் அப்படியே.

பாலிப் மூடியே கிடக்கிறது, மேலே ஒன்றும் தெரியவில்லை.

சோவாந்திடைத் தின்னும் நுடிபிராங்க், அதாவது ஓடில்லாத கடல் நத்தை, அந்தப் பாலிப்பின் நிறத்துக்கே மாறிவிடும். பகலில் பார்த்தால் இன்னொரு பாலிப் என்றே நினைப்பீர்கள். கல்லை எடுத்து, தொட்டித் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் வைத்து, இங்க் ஃபில்லரால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். நுடிபிராங்க், கடற்சிலந்தி எது இருந்தாலும் உதிரும். அயோடின் டிப்பில், அதாவது மருந்து கலந்த தண்ணீரில், முக்குவதானால் புட்டியில் சொன்ன அளவும் நேரமும் போதும். டிப் முட்டையைக் கொல்லாது. அடிக்கட்டையில் சுருள் சுருளாக வெள்ளை முட்டை தெரிந்தால் சுரண்டுங்கள், அல்லது அடிக்கட்டையையே கழற்றித் தூரப் போடுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் டிப், அதற்கடுத்த வாரமும்.

ஒரேயடியாகக் கல்லைக் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டால்?

கூடவே கூடாது. சோவாந்திட், முக்கியமாகப் பாலித்தோவா வகை, பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு வைத்திருக்கும். கொதிக்கவைத்தால், வெந்நீர் ஊற்றித் தேய்த்தால், அது ஆவியோடு காற்றில் கலந்து மூச்சில் ஏறும். காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை. அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் மீன் கடையிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்த வீட்டில் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. அடுப்படியில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பாலிப் வெட்டும்போது கையுறையோடு கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம்.

தூத்துக்குடி ஒன்றரை மணி நேரம்தானே, கல்லை அங்கேயே எடுத்துக்கொண்டால் என்ன?

ஜெயிலுக்கு வழி. தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் பக்கம் நீளும் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அது போக, 2001இல் கல்பவளங்கள், கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு கல்பவளத்துக்கும் வந்தது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டும் இதில் அடக்கம். கடையில் கல்பவளத்தை ஃப்ராக் என்று விற்றால் விற்கிறவர் என்ன சமாதானம் சொன்னாலும் வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் சோவாந்திட், காளான் பவளம் பற்றியே பேசுவதும் அதனால்தான்.

இன்னொரு விஷயம். ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாரையே வெட்டி எடுத்தார்கள். விலாங்குச்சல்லித் தீவு முழுகியே போனது. மீன்காரர்கள் பார் என்று சொல்வது மீன் அடையும் அந்தப் பாறைத் திட்டைத்தான். அதை எடுத்து உங்கள் ஹாலில் வைப்பதற்கு நான் உதவ மாட்டேன்.

கடல் தண்ணீர் மட்டும் எடுத்துவரலாமா?

பலர் திருச்செந்தூர் போய் வரும்போது கேனில் பிடித்து வருகிறார்கள். தண்ணீரோடு கொட்டலசுக் குஞ்சு, சொறிக் குஞ்சு, நண்டு முட்டை எல்லாம் வரும். பஞ்சு, துணி வழியாக வடிகட்டி, இருட்டில் மூடி வைத்துச் சில நாள் கழித்து அடிக்கசடு விட்டு மேலாக எடுங்கள். புன்னைக்காயல் பக்கம் வேண்டாம், தாமிரபரணி கடலில் விழுகிற இடம். வடகிழக்குப் பருவமழையில் உப்பு இறங்கிச் சேறாக இருக்கும். எங்கே எடுத்தாலும் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

புழுவும் நட்சத்திர மீனும் பட்டப்பகலில் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி வருகின்றன.

உடனே பாருங்கள், இது மற்றக் கேள்விகள் மாதிரி இல்லை. ஆக்சிஜன் குறைந்துவிட்டது. ராத்திரி ஆட்கள் பகலில் மேலே வந்தால் தொட்டி சொல்லும் முதல் எச்சரிக்கை அதுதான், மீன் வாயைத் திறந்து மேலே நிற்பது அதற்கு அப்புறம். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் 31, 32 டிகிரி தொட்டால் ஆக்சிஜன் தானாகவே குறையும், கரண்ட் வேறு போனால் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தொட்டியை இழந்தவர்கள் நம் ஊரில் உண்டு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, மலிவானதுதான், எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும். அது வரும்வரை செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். கல்லைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே கடற்பஞ்சோ நண்டோ செத்திருக்கிறது. அந்தக் கல்லைத் தனி வாளிக்கு மாற்றுங்கள்.

வேண்டாததைப் பிடித்துவிட்டேன். ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடலாமா?

ஆற்றில் விட்டால் செத்துப்போகும். கடலில் விடுவது அதைவிட மோசம், இந்தோனேசியாக் கல்லில் வந்த எதுவும் மன்னார் வளைகுடாவுக்கு அந்நியம். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியதைப் பார்த்த கடல் இது. சாகடிக்க வேண்டியதை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கல்லை அலசிய தண்ணீரையும் மழைநீர் வாய்க்காலில் ஊற்றாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் வைத்துவிட்டுக் கழிவறையில் கொட்டுங்கள்.

எதுவுமே ஒட்டாமல் தொட்டி வைக்க முடியாதா?

காய்ந்த கல், புட்டி பாக்டீரியா, அடிக்கட்டை கழற்றிய ஃப்ராக், நாலு முதல் ஆறு வாரம் தனித்தொட்டி. இத்தனையும் செய்தால் பெருமளவு தடுக்கலாம். தனித்தொட்டி என்றால் பெரிசாக ஒன்றும் வேண்டாம். பத்து லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, சின்ன பம்ப், ஒரு விளக்கு. வாரம் ஒரு தடவை டிப், ராத்திரி சிவப்பு டார்ச். ஆனால் அப்படி வைத்த தொட்டியில் முதல் ஒரு வருஷம் பாசியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கழிவைத் தின்ன ஆள் இல்லாததால். கடைசியில் யாரிடமாவது கைப்பிடி பழைய மணல் வாங்கி வந்து போடுவார்கள், பிரிசில் புழு குஞ்சோடு. கேட்டால் நானும் தருகிறேன், டப்பா மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.